இருப்புப்பாதையும் பெருஞ்சாலையும்: பொதுப்பணம் சென்ற வழி

சென்னை மாகாணத்தில் முதன்முதல் இருப்புத் தண்டவாளம் எதற்காக இடப்பட்டது என்று வினவினால், பிரயாணிகளுக்காக என்றேனும் பருத்தி மூட்டைகளுக்காக என்றேனும் பலர் விடையிறுப்பர். உண்மை அவ்விரண்டுமன்று. 1837-ம் வருஷத்தில் செங்குன்றத்துக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே இடப்பெற்ற அச்சிறு பாதை, பட்டணத்துச் சாலைகளுக்கு வேண்டிய கல்லைச் சுமந்து வருவதற்காகவே ஏற்பட்டது. அதற்குப் பொறுப்பாயிருந்தவர், பின்னாளிற் கோதாவரி அணையால் பெரும்புகழ் எய்திய ஆர்தர் காட்டன் துரை. எனவே நம் நாட்டில் இருப்புப்பாதையானது சாலைக்கு ஊழியஞ் செய்யும் பொருட்டே பிறந்தது எனலாம். பின்னர் வந்த நூற்றெண்பது வருஷங்களில் இவ்விரண்டும் ஒன்றற்கொன்று துணையாய் நில்லாது, பொதுப்பணத்துக்காகப் போட்டியிடும் பங்காளிகளாய் மாறியதெவ்வாறு என்பதே இவ்வியாசத்தின் பொருள்.

நம் சங்கத்து அங்கத்தினர்களுட் பலர் வியாபாரத்தாலும் பயிர்த்தொழிலாலும் ஜீவிப்பவர். நெல்லும் பருத்தியும் மிளகாயும் உப்பும் ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்குச் செல்லும் கூலி, நம் குடும்பங்களின் வரவு செலவை நாடோறும் தீண்டுகின்றது. அன்றியும், வண்டிக்கூலி கொடாதவரும் வரி கொடாதிருத்தல் இயலாது. ஆதலின் இராஜாங்கத்தார் பிரயாணிகள் ரயிலுக்கு எவ்வளவு, சரக்கு ரயிலுக்கு எவ்வளவு, சாலைக்கு எவ்வளவு என்று வகுக்கும் கணக்கு நம் வீட்டுக் கணக்கேயாகும். அதன் சரித்திரத்தை ஒருவாறு அறிந்துகொள்ளுதல் நம்மனோர்க்கு இன்றியமையாதது.

ரயில் வருமுன்

ரயிலுக்கு முன் நம் நாட்டில் வழியே இல்லை என்று எண்ணுதல் தவறு. தஞ்சை மராட்டிய மன்னர் இராமேசுவரம் செல்லும் வழியிற் கட்டுவித்த சத்திரங்கள் பல இன்றும் காணக் கிடக்கின்றன. பொதிமாடுகளும் இரட்டை மாட்டு வண்டிகளும் உப்பையும் தானியத்தையும் சுமந்து உள்நாடெங்கும் திரிந்தன. எனினும், மழைக்காலத்தில் வண்டிச் சக்கரம் புதையாத பாதை அரிது. ஆறுகளுக்குப் பாலம் அரிது. இவற்றுக்கு மேலாக வழிதோறும் சுங்கச் சாவடிகள் இருந்தன. சரக்கு ஓரிடத்தினின்று மற்றோரிடம் செல்வதற்கே தீர்வை வாங்கும் இவ்வழக்கம், சென்னை மாகாணத்தில் 1844-ம் வருஷத்திலேதான் நீக்கப்பட்டது. அந்நாள்வரை குடிகளிடம் வாங்கிய நிலவரியில் மிகச் சிறிய கூறே சாலைக்கும் பாலத்துக்கும் திரும்பி வந்தது. இக்குறையை எல்லோரும் உணரத் தலைப்பட்ட சமயத்திலேதான் இருப்புப்பாதை என்னும் புதுமை இங்கிலாந்தினின்று வந்து, இராஜாங்கத்தின் கண்களையும் பணப்பையையும் தன்பால் ஈர்த்துக்கொண்டது.

ஐந்து சதவீத உறுதி

இந்தியாவின் முதற் பெரும் பாதைகளை இட்டவர் இங்கிலாந்தில் ஏற்பட்ட தனிக் கம்பெனியாரே. ஆயினும், நஷ்டம் வருமோ என்று அஞ்சிய அவர்தம் முதலுக்கு, நம் இராஜாங்கம் பிணை நின்றது. 1849-ம் வருஷத்தில் முதலிரண்டு கம்பெனிகளுடன் செய்துகொண்ட உடன்படிக்கைகளும், அவற்றைப் பின்பற்றிச் சென்னை ரெயில்வே கம்பெனியுடன் செய்துகொண்டதும் ஒரே தன்மையன. பாதைக்கு வேண்டிய நிலத்தைச் சர்க்கார் இலவசமாக அளிப்பர். போட்ட முதலுக்கு வருஷந்தோறும் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து வீதம் வட்டி கிடைக்குமென்று உறுதி கூறுவர். வருமானம் அதற்குப் போதாதாயின் குறையைப் பொக்கிஷத்தினின்று ஈடுசெய்வர்.

இவ்வேற்பாட்டின் உட்கிடை யாதெனின், லாபம் வந்தால் கம்பெனிக்கும் பங்குண்டு; நஷ்டம் வந்தால் அது குடிகளுடையது என்பதேயாம். எவ்வளவு செலவிட்டாலும் வட்டி தவறாது என்னும் நிலைமையிற் சிக்கனத்தைக் கருதுவார் யார்? மைல் ஒன்றுக்கு முதலில் மதித்த செலவைக் காட்டிலும் மெய்யாகச் சென்ற செலவு பெரிதும் மிஞ்சிற்று. 1853-ம் வருஷம் ஏப்ரல் 16-ம் தேதி பம்பாயினின்று தாணாவுக்கும், 1856-ம் வருஷம் ஜூலை 1-ம் தேதி இராயபுரத்தினின்று வாலாஜா ரோடுக்கும் வண்டிகள் ஓடியபோது கொண்டாட்டம் பெரிதாயிருந்தது. ஆனால் ஒருபோதும் ரயிலேறாத, ரயிலைக் கண்ணாலும் காணாத உழவனுடைய நிலவரியினின்றே அந்த வட்டிக்குறை தீர்க்கப்பட்டு வந்தது. பாதைகள் அனைத்தையும் சேர்த்து நோக்கின், பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுங்காறும் இராஜாங்கத்துக்கு அவற்றால் ஆதாயமில்லை, நஷ்டமே.

இம்முறை தாங்கற்பாலதன்று என்றுணர்ந்த சர்க்கார், 1869-ம் வருஷத்தையொட்டித் தாமே பாதையிடத் துணிந்தனர். செலவைக் குறைக்கும் பொருட்டு 1870-ல் மீட்டர் அளவுள்ள குறும்பாதையை மேற்கொண்டனர். அதன் பலனை நம் சோழநாடு கண்கூடாகக் கண்டது. நாகப்பட்டினத்தினின்று தஞ்சை வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு 1861, 1862-ம் வருஷங்களில் அகலப்பாதையாய் இடப்பட்ட தண்டவாளம், இருபது வருஷங்கூட நிரம்புமுன் பெயர்த்தெடுக்கப்பட்டுக் குறும்பாதையாயிற்று. 1992-ம் வருஷத்துக்குப் பின் நாடெங்கும் ஒரே அளவு என்னுங் கொள்கை வலுப்பெறவே, மீண்டும் அகலப்பாதையாயிற்று. ஒரே மண்ணில் ஒரே வழிக்குப் பொதுப்பணம் மூன்றுமுறை செலவாயிற்று என்பதை ஓர்ந்து பார்க்க.

சரக்கா, பிரயாணிகளா?

இருப்புப்பாதையை முதலில் திட்டமிட்டோர், அதனால் உள்நாட்டுப் பருத்தி துறைமுகத்தை அடைவதும், சீமைச் சரக்கு உள்நாட்டை அடைவதும், படைகள் விரைந்து செல்வதுமே பெரும்பயன் எனக் கருதினர். சாதிக் கட்டுப்பாடும் வறுமையும் உடைய இந்நாட்டு ஜனங்கள் ரயிலில் ஏறார் என்று சிலர் ஜோசியமும் கூறினர். நடந்தது வேறு. கோவில் உற்சவம், சந்தை, விவாகம், வழக்கு, பிழைப்புத் தேடும் யாத்திரை ஆகிய இவற்றின்பொருட்டு ஏழை ஜனங்கள் திரள்திரளாக வந்து மூன்றாம் வகுப்பு வண்டிகளை நிரப்பினர். பிரயாணிகளால் வந்த வருமானத்தின் மிகப் பெரும் பகுதியை அளித்தவர் இம்மூன்றாம் வகுப்பாரே. அவர்க்குக் கிடைத்த வசதியோ மிகச் சிறிது. 1917-ம் வருஷத்தில் மகாத்மா காந்தியவர்கள் மூன்றாம் வகுப்புப் பிரயாணத்தின் அவதிகளை விவரித்து எழுதிய கட்டுரை யாவரும் அறிந்ததே. பணம் கொடுத்தவர் நெருக்குண்டு நிற்க, மேல் வகுப்பார் சுகமாய்ச் சயனித்துச் சென்ற அந்நிலை, பொதுச் செலவில் எவர் சொல் ஏறும் என்பதற்கு ஒரு சான்று.

சரக்குக் கூலியிலும் இப்படியே. துறைமுகத்துக்குச் செல்லும் கச்சாப் பொருளுக்கும் துறைமுகத்தினின்று வரும் சீமைப் பொருளுக்கும் சலுகை விகிதமும், உள்நாட்டில் ஓரூரினின்று மற்றோரூருக்குச் செல்லும் சரக்குக்கு உயர்ந்த விகிதமும் வாங்கப்படுகின்றன என்று நம் வியாபாரிகள் நெடுநாள் முறையிட்டனர். 1916-ம் வருஷத்தில் நியமனமான இந்தியக் கைத்தொழிற் கமிஷனும் இம்முறையீட்டை ஏற்றுக் குறை கூறிற்று. எனவே பாதை எங்கே செல்கின்றது என்பது மாத்திரமன்று, அப்பாதையில் எந்தச் சரக்குக்கு என்ன கூலி என்பதும் ஒரு தேசத்தின் தொழிலை வளர்க்கவோ மாய்க்கவோ வல்லது.

பஞ்சம் கற்பித்த பாடம்

1876-ம் வருஷமுதல் 1878-ம் வருஷம்வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் இருப்புப்பாதையின் பலமும் பலவீனமும் ஒருங்கே வெளிப்பட்டன. துறைமுகங்களில் வந்திறங்கிய தானியத்தை ரயில் உள்நாட்டு ஸ்டேஷன்வரை விரைவாகக் கொண்டுசென்றது. ஆனால் ஸ்டேஷனினின்று கிராமத்துக்குச் செல்லுவது எப்படி? புல்லும் நீரும் இன்றி மாடுகள் மடிந்தன. மாடின்றி வண்டி நகராது. பல கிராமங்களுக்கு வண்டிப்பாதையும் இல்லை. ஸ்டேஷன் மேடையில் மூட்டை குவிந்திருக்க, சில காதம் அப்பால் ஜனங்கள் உயிர் நீத்தனர். அன்றியும் தானியத்தை வாங்கும் சக்தியில்லாத ஏழைக்கு அது பக்கத்தில் வந்து கிடப்பதாற் பயனென்ன? விலை ஏறிய இடத்தை நோக்கித் தானியம் ஓடுதற்கும் அதே ரயில் துணைசெய்தது.

இப்பஞ்சத்தின் பின்னர் 1878-ல் வருஷந்தோறும் ஒன்றரைக் கோடி ரூபாயைப் பஞ்ச நிவாரணத்துக்கெனச் சர்க்கார் ஒதுக்கினர். 1880-ம் வருஷத்துப் பஞ்சக் கமிஷன், உடனடியாக 5,000 மைல் புதுப்பாதை வேண்டும் என்றும், தேசம் முழுமைக்கும் 20,000 மைல் அமைந்தாற் பஞ்சத்துக்கு அஞ்சவேண்டாம் என்றும் கருத்துரைத்தது. காட்டன் துரையோ, பாதைக்குச் செலவிடும் பணத்தைக் கால்வாய்க்குச் செலவிட்டால் அது பயிருக்கு நீரும், சரக்குக்கு மலிவான படகு வழியும் ஆகிய இரண்டையும் தரும் என்று இடைவிடாது வாதாடினார். பிற்காலத்தில் தாதாபாய் நௌரோஜி, ரமேச சந்திர தத்தர், நம் மாகாணத்து ஜி. சுப்பிரமணிய ஐயர் போன்ற தேசாபிமானிகளும் ரயிற் செலவின் பாரத்தைக் குறித்துக் கேள்வி எழுப்பினர். நீர்ப்பாசனத்துக்குச் சென்ற தொகையினும் ரயிலுக்குச் சென்ற தொகை பன்மடங்கு பெரிது. இருப்புப்பாதை வேண்டா என்பது அவர்கள் கருத்தன்று. எது முந்தியது, எது பிந்தியது என்பதைக் குடிகளின் தேவையைக்கொண்டு தீர்மானிக்கவேண்டும் என்பதே அவர்தம் வாதத்தின் சாரம்.

ரூபாய்க்கு மூன்று பை

இஃதிங்ஙனமாக, குடிகள் தாமே மனமுவந்து பணந்தந்து ஒரு பாதையை இட்டுக்கொண்ட வரலாறொன்று நம் தமிழ்நாட்டில் உண்டு. அதனை நம் இளைஞர் அவசியம் அறிதல் வேண்டும்.

1884-ம் வருஷத்துச் சென்னை ஸ்தல ஸ்தாபனச் சட்டம், ஜில்லா போர்டுகள் நிலத்தின் வருஷ மதிப்பில் ரூபாய்க்கு மூன்று பைக்கு மேற்படாமல் ரயிலுக்கென்று தனி வரி வாங்குதற்கு இடமளித்தது. ஒரு ரூபாய்க்கு 192 பை ஆதலின், 64 ரூபாய் மதிப்புக்கு ஒரு ரூபாய் என்று கணக்காகும். தஞ்சாவூர் ஜில்லா போர்டார் இதனைக் கைக்கொண்டு பொருள் திரட்டினர். அவ்வாறு திரண்ட நிதியைக்கொண்டு மாயவரத்தினின்று திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரையில் இடப்பட்ட பாதை 1894-ம் வருஷத்தில் திறக்கப்பெற்றது. வண்டியோட்டும் பொறுப்பைத் தென்னிந்திய ரெயில்வேயார் ஏற்றனர்; பாதையின் உரிமை ஜில்லா போர்டுடையது. பின்னர் அதே பாதை பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வரையிலும் நீண்டது. இதனைக் கண்ட பிற ஜில்லாக்களும் முயன்றன. போத்தனூரினின்று பொள்ளாச்சிக்கு 1915-லும், திருநெல்வேலியினின்று திருச்செந்தூருக்கு 1923-லும் திறந்த பாதைகள் ஜில்லா போர்டுகளின் முயற்சியால் விளைந்தவையே.

முன்னே கூறிய ஐந்து சதவீத உறுதியையும் இந்த மூன்று பை வரியையும் அருகருகே வைத்து நோக்குக. முன்னதில் முதலிட்டவர் ஒருவர், நஷ்டம் தாங்கியவர் வேறொருவர், வழி எங்கே செல்லவேண்டும் என்று தீர்மானித்தவர் மற்றொருவர். பின்னதில் வரி கொடுத்த நிலத்தின் ஊடேயே வண்டி ஓடிற்று. எவ்வூர் வழியாகப் பாதை செல்லவேண்டும் என்பதை அவ்வூர்ப் பிரமுகரைக்கொண்ட சபையே ஆராய்ந்தது. வந்த ஆதாயம் பாதையை நீட்டிக்கவே பயன்பட்டது. இதிலும் குறையில்லாமலில்லை. அச்சபையில் நிலவுடையாரும் வக்கீல்களுமே மிகுதி. உழுது உழைப்போர்க்கு ஓரிடமுமில்லை. ஆயினும், கொடுப்பவனும் பயன்பெறுவோனும் ஒரே நாட்டில் ஒருவரையொருவர் கேள்வி கேட்கும் தூரத்தில் இருந்தமையே இதன் சிறப்பு.

தனி வரவு செலவுத் திட்டம்

முதல் உலகமகாயுத்தத்தின் பின் ரயில்கள் தேய்ந்து, வண்டிகள் போதாமற் போயின. வருஷந்தோறும் பொக்கிஷத்தில் மிஞ்சிய பணத்தைப் பொறுத்து ரயிலுக்கு ஒதுக்கும் வழக்கமே இதற்குக் காரணம் என்று, 1920-21-ல் ஆக்வொர்த் துரை தலைமையில் அமைந்த கமிட்டி கண்டது. வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் அக்கமிட்டியின் அங்கத்தினருள் ஒருவர். கம்பெனிகளின் நிர்வாகத்தை ஒழித்து இராஜாங்கமே நடத்தவேண்டும் என்னும் இந்தியரின் கொள்கைக்கு அக்கமிட்டியில் வெற்றி கிடைத்தது. 1924-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ரயில் வரவு செலவு பொதுக் கணக்கினின்று பிரிக்கப்பட்டது. போட்ட முதலில் நூற்றுக்கொன்றும், அதற்குமேல் மிஞ்சும் ஆதாயத்தில் ஐந்திலொன்றும் ரயில் பொக்கிஷத்துக்குச் செலுத்தவேண்டும் என்பது ஏற்பாடு. தொண்ணூற்றிரண்டு வருஷம் நிலவிய இத்தனித் திட்டம் 2017-ம் வருஷத்தில் மீண்டும் பொதுத் திட்டத்துடன் சேர்க்கப்பட்டது. செலுத்திவந்த பங்கும் நீக்கப்பட்டது. அன்று ரயில் பொக்கிஷத்துக்கு அளித்தது. இன்று பொக்கிஷம் ரயிலுக்கு அளிக்கின்றது.

மோட்டார் வந்தது

நிற்க. ரயிலே வழியென்று நாடு நம்பியிருந்த காலத்தில் மோட்டார் பஸ்ஸும் லாரியும் தோன்றின. அவை வீட்டு வாயிலுக்கும் களத்து மேட்டுக்கும் வரவல்லன. அதுவரை புறக்கணிக்கப்பட்ட சாலைகள் இவற்றின் பாரத்தைத் தாங்கமாட்டாமற் குழிவிழுந்தன. சாலைப் பொறுப்பு ஸ்தல போர்டுகளுடையது, அவர்களிடமோ பணமில்லை. 1927-ல் ஜெயகர் அவர்கள் தலைமையிற் கூடிய கமிட்டி, மோட்டாரினின்று வரும் வரி மோட்டார் ஓடும் சாலைக்கே செல்லட்டும் என்று கூறிற்று. அதன்படி 1929-ம் வருஷம் மார்ச்சு மாதமுதல் பெட்ரோல் காலன் ஒன்றுக்கு இரண்டணா அதிகமாக விதிக்கப்பட்டு, அத்தொகை சாலை நிதியாக வைக்கப்பட்டது. நம் மாகாணத்தில் 1931-ம் வருஷத்து மோட்டார் வரிச் சட்டத்தால் சாலைச் சுங்கச் சாவடிகள் எடுக்கப்பட்டன. மாட்டு வண்டிக்காரர் பெருமூச்செறிந்து வாழ்த்தியிருப்பர் என்பதிற் சந்தேகமில்லை. அச்சாவடிகள் இந்நூற்றாண்டில் தேசியப் பெருஞ்சாலைகளில் வேறுருவத்தில் மீண்டும் எழுந்ததை நாம் கண்டுகொண்டிருக்கிறோம்.

இப்போது எழுந்தது புதுச் சிக்கல். சாலைகளிற் பல ரயிற் பாதைக்கு இணையாகவே சென்றமையால், பொதுப்பணத்தால் இட்ட ரயிலின் வருமானத்தைப் பொதுப்பணத்தால் இட்ட சாலை பறிக்கலாயிற்று. 1932-ல் மிட்சல், கிர்க்னஸ் என்னும் இரு உத்தியோகஸ்தர் இப்போட்டியை ஆராய்ந்தனர். 1933-ல் சிம்லாவில் ரயில் சாலை மகாநாடு கூடிற்று. 1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் லாரிகளுக்கு அநுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கி, ரயிலைக் காக்க முற்பட்டது. 1943-ல் நாகபுரியிற் கூடிய எஞ்சினியர்கள், தேசியப் பெருஞ்சாலை, மாகாணச் சாலை, ஜில்லாச் சாலை, கிராமச் சாலை என நால்வகையாகப் பிரித்து இருபது வருஷத் திட்டமொன்று வகுத்தனர். ரயிலுக்கு நேர்ப்போட்டியாகச் சாலையிடுவதனினும், ரயிலில்லாத கிராமத்தை ரயிலோடு இணைக்கும் சாலையே முதலில் வேண்டும் என்னும் கருத்து அந்நாளிலேயே அறிஞர் பலரிடம் இருந்தது. தாது வருஷப் பஞ்சம் கற்பித்ததும் அதுவே.

சுயராஜ்யத்தில்

சுயராஜ்யம் வந்தபின் ரயிலுக்கே முதலிடம் நல்கப்பட்டது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் (1956-61) மொத்தம் 4,800 கோடி ரூபாயில் ரயிலுக்கு 900 கோடியும் சாலைகளுக்கு 246 கோடியும் வகுக்கப்பட்டன. நிலக்கரியும் இரும்பும் சுமப்பதே அக்காலத்துப் பெருங்கவலை. 1950-51-ல் ரயிலும் சாலையும் சேர்ந்து சுமந்த சரக்கிற் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு ரயிலுடையதாயிருந்தது. எழுபது வருஷங்களில் அது தலைகீழாயிற்று. 2020-ம் வருஷத்துத் தேசிய ரயில் திட்டத்தின்படி நாட்டுச் சரக்கில் ரயிலின் பங்கு 27 சதவீதமே. அதனை 45 சதவீதமாக உயர்த்தவேண்டும் என்பது அத்திட்டத்தின் நோக்கம். 2023-24-ம் வருஷத்து மத்திய வரவு செலவுத் திட்டத்தில் ரயில் மூலதனத்துக்கு 2.40 லட்சங் கோடியும், சாலைப் போக்குவரத்து அமைச்சுக்கு 2.70 லட்சங் கோடியும் ஒதுக்கப்பட்டன. சாலை ரயிலை முந்திவிட்டது.

இம்மாறுதலுக்குக் காரணம் பல. முதலாவது, பிரயாணிகள் கட்டணத்தை உயர்த்த எவ்வரசும் அஞ்சிற்று. அக்குறையைச் சரக்குக் கூலியை உயர்த்தி நிரப்பிற்று. பிரயாணச் செலவில் 57 சதவீதத்தையே தாங்கள் பெறுவதாகப் பிரயாணச் சீட்டிலேயே ரயில்வேயார் அச்சிட்டதுண்டு. இரண்டாவது, ஒரே தண்டவாளத்தில் விரைவு வண்டிக்கு வழிவிட்டுச் சரக்கு வண்டி ஒதுங்கி நிற்கவேண்டியதாயிற்று. மூன்றாவது, சிறு வியாபாரி ஒரு வாகன் அல்லது அரை வாகன் சரக்கு அனுப்பும் முறை கைவிடப்பட்டு, முழு வண்டித் தொடராகவே ஏற்றவேண்டும் என்னும் வழக்கம் 1980-க்குப்பின் வலுத்தது. நிலக்கரிக்கும் சிமிட்டிக்கும் அது ஏற்றது. மிளகாய்க்கும் ஏலத்துக்கும் அது ஏற்குமோ? சிற்றூர் ஸ்டேஷன்களின் சரக்குக் கொட்டகைகள் பூட்டப்பட்டன. வியாபாரி லாரியை நாடியது அவன் குற்றமன்று.

இதற்குப் போடிநாயக்கனூர்ப் பாதை ஓர் உதாரணமாகும். ஏலக்காய்ச் சந்தையாற் பேர்பெற்ற அவ்வூருக்கு மதுரையினின்று 1928-ல் ரயில் வந்தது. இரண்டாம் யுத்தத்தின்போது தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, சுயராஜ்யத்தின் பின் மீண்டும் இடப்பட்டது. 2010-ன் இறுதியில் அகலப்பாதையாக்கும் பொருட்டு நிறுத்தப்பட்ட வண்டி, போடிக்குத் திரும்பி வந்தது 2023-ம் வருஷம் ஜூன் மாதத்திலேதான். பன்னிரண்டு வருஷத்துக்கு மேற்பட்ட இடைக்காலத்தில் ஒரு தலைமுறை வியாபாரிகள் ரயிலை மறந்தே போயினர். மூன்று பை வரியால் முளைத்த முத்துப்பேட்டைப் பாதையும் இவ்வாறே நெடுநாள் மூடிக்கிடந்து, திருவாரூர் காரைக்குடி மார்க்கத்தில் 2019-ல் மறுபடியும் உயிர்பெற்றது. பணம் ஒதுக்குதல் ஒன்று, அதனைக் காலத்திற் செலவிடுதல் மற்றொன்று என்பதை இவை காட்டும்.

சாலையின் கதை வேறு. 2000-ம் வருஷத்து மத்திய சாலை நிதிச் சட்டம், டீசல் வரியிற் பாதியைக் கிராமச் சாலைகளுக்கென்று ஒதுக்கிற்று. அவ்வருஷம் டிசம்பரில் பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் தொடங்கிற்று. டில்லி, பம்பாய், சென்னை, கல்கத்தா ஆகிய நான்கையும் இணைக்கும் 5,846 கிலோமீட்டர் நாற்கரச் சாலையும் அக்காலத்ததே. பெருஞ்சாலைக்குப் பேர் பெரிது. ஆனால் விளைந்த நெல் அன்றே விலைபோதற்கும், பிரசவ வேதனையிலுள்ள பெண் ஆஸ்பத்திரி சேர்தற்கும், பெண்மக்கள் உயர்தரப் பள்ளி செல்லுதற்கும் உதவியது அச்சிறு கிராமச் சாலையே. சரக்கு ரயிலுக்கென்றே தனிப்பாதை அமைக்க 2006-ல் ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டு, கிழக்கில் 1,337 கிலோமீட்டரும் மேற்கில் 1,506 கிலோமீட்டரும் நீளமுள்ள இருபாதைகளை மேற்கொண்டது. இவையிரண்டும் வடநாட்டிலும் மேல்நாட்டிலும் செல்வன; தென்னாட்டுக்கு அத்தகைய தனிப்பாதை இதுகாறும் இல்லை.

நாம் கொள்ளத்தக்கது

இதுகாறுங் கூறியவற்றால் விளங்குவது யாது? பொதுப்பணம் எப்போதும் உரத்த குரலை நோக்கியே ஓடியிருக்கின்றது. லண்டன் முதலாளிகளின் குரல் உரத்திருந்தபோது ஐந்து சதவீத வட்டியாக ஓடிற்று. துறைமுகக் கம்பெனிகளின் குரல் உரத்திருந்தபோது கூலிச் சலுகையாக ஓடிற்று. இந்நாளில் விரைவு வண்டி வேண்டும், அது நம் ஊரில் நிற்கவேண்டும் என்னும் குரலே உரத்திருக்கின்றது. நம் சங்கங்களும் மகாநாடுகளும் நிறைவேற்றும் தீர்மானங்களும் பெரும்பாலும் அத்தகையனவே. சரக்குக் கொட்டகை திறக்கவேண்டும் என்று தீர்மானித்தவர் எத்தனை பேர்?

பிரயாணிகள் ரயில் வேண்டா என்று யாம் கூறவில்லை. ஏழை ஒருவன் குறைந்த செலவிற் பட்டணஞ் சென்று பிழைப்புத் தேடுதற்கும், நோயாளி வைத்தியசாலை சேர்தற்கும் அதனினுஞ் சிறந்த உதவி வேறில்லை. அது தருமம். தருமத்தின் செலவை எல்லோரும் தத்தம் சக்திக்கேற்பப் பொது வரியினின்று தாங்குதல் முறை. அவ்வாறன்றி, அதனைச் சரக்குக் கூலியின்மேற் சுமத்தினால், அது உப்பு விலையிலும் அரிசி விலையிலும் ஏறி, அதே ஏழையின் தலையில் மறைவாக விழும். சரக்கோ ரயிலை விட்டு லாரிக்கு ஓடும். லாரி சாலையைத் தேய்க்கும். தேய்ந்த சாலையைச் செப்பனிட மீண்டும் வரி. ஒரு கையாற் கொடுத்து மறுகையால் வாங்கும் இவ்வழியினும், கணக்கை வெளிப்படையாக வைத்தலே நலம்.

ஆகவே மூன்று கேள்விகளை எந்தத் திட்டத்தைக் குறித்தும் நாம் கேட்கப் பழகவேண்டும். இதன் செலவைத் தாங்குபவர் யார்? இதனாற் பயன்பெறுபவர் யார்? இவ்விருவரும் ஒருவராகாவிடின், பயன்பெறாதவன் தாங்குதற்கு நியாயம் உண்டா? இக்கேள்விகளைக் கேட்பின், கனமான சரக்கு நெடுந்தூரம் செல்ல ரயிலும், ரயிலையும் சந்தையையும் கிராமத்தோடு இணைக்கச் சாலையும், ஏழைப் பிரயாணத்துக்குப் பொதுவரியும் என்னும் வரிசை தானே புலப்படும். ஆடம்பரமான திட்டங்கள் அதன் பின்னர் வரட்டும்.

நம் கிளைச் சங்கங்கள் ஒவ்வொன்றும், தம் ஊருக்கு அணித்தேயுள்ள ஸ்டேஷனிற் சரக்கு ஏற்றும் வசதி உண்டா, தம் ஊரினின்று அந்த ஸ்டேஷனுக்கு மழைக்காலத்திலும் வண்டி செல்லத்தக்க சாலை உண்டா, கிராமச் சாலைக்கென வந்த தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு என்பவற்றை விசாரித்து எழுதிவைத்தல் பெரிதும் பயன்தரும். கணக்கு எழுதுவதில் நம்மவர் எவர்க்கும் இளைத்தவரல்லர். கடைக் கணக்கில் ஓரணா தவறினும் இரவெல்லாம் விழித்துத் தேடுகிறோம். 64 ரூபாய்க்கு ஒரு ரூபாயைத் தாமே கொடுத்துத் தம் ஊருக்கு ரயிலை வரவழைத்த முன்னோர் வாழ்ந்த நாட்டில், நம்மிடம் வாங்கப்படும் பெருந்தொகை எவ்வழிச் செல்கின்றது என்று கேட்பது மிகையாகாது. கேட்குங் கடமை அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் உரியது.